இம்யூனோதெரபி ஆய்வு: நோயாளியின் கையில் ஒரு தமிழ் அட்டை வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

முற்றிய புற்றுநோய்க்கு, உடலின் நோய் எதிர்ப்பு சக்தியை அதன் மீது ஏவிவிடும் இம்யூனோதெரபி மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகளில் கட்டி சுருங்கியதா என்பதே செய்தியாகிறது. வேலூரில் ஊசி போட்டுக்கொண்டு ஆம்பூருக்கோ குடியாத்தத்துக்கோ திரும்பியவருக்கு வீட்டில் என்ன நேரலாம் என்பதை யாரும் எழுதுவதில்லை.

நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்துகள் இரண்டும், நோய் எதிர்ப்புச் செல்களான டி செல்களின் வெவ்வேறு பிரேக்குகளை விடுவிப்பவை. அதனால் நோய் எதிர்ப்பு சக்தி சொந்த உறுப்புகள் மீதும் பாயும். மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கான ‘செக்மேட் 067’ ஆய்வின் 2015 அறிக்கைப்படி, கடும் பக்கவிளைவு நிவோலுமாப் மட்டும் பெற்றவர்களில் சுமார் 16 சதவீதம். இரண்டும் பெற்றவர்களில் 55. எல்லா மருந்துச் சேர்க்கையும் இப்படியல்ல. மும்பை டாடா நினைவு மருத்துவமனை, தலை-கழுத்துப் புற்றுநோய்க்கான மாத்திரைகளோடு 3 வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மி.கி. நிவோலுமாப் சேர்த்தது. ஓராண்டு கடந்தும் உயிரோடிருந்தவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 ஆனார்கள், கடும் பக்கவிளைவு பெரிதாகக் கூடவில்லை. நம் நோயாளிகளின் பணவசதிக்கு ஏற்ற ஆய்வு இதுதான்.

சிக்கல் பெரும்பாலும் வயிற்றுப்போக்கில் தொடங்கும். வழக்கத்தைவிட நாளுக்கு 4 முறை கூடுதலாகப் போனாலே ஆய்வு மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். மருந்துக்கடையில் போக்கை நிறுத்தும் லோபரமைடு மாத்திரை வாங்கிப் போட்டால் போக்கு அடங்கும், குடலழற்சி அடங்காது. குடலில் ஓட்டை விழுமளவுக்கும் போகலாம். கிருமித் தொற்று உண்டா என்று பார்த்துவிட்டு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு தொடங்குவார்கள்: கிலோவுக்கு 1 மி.கி., அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 60 மி.கி. பிறகு 4 முதல் 6 வாரத்தில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இரண்டே நாளில் சரியாகிவிட்டதென்று நிறுத்தினால் மறுபடி கிளம்பும். வறட்டு இருமலும் மூச்சுத்திணறலும் நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். கடைசி ஊசிக்குச் சில மாதம் கழித்தும் இவை வரும் என்பதால்தான் உள்ளூர் மருத்துவர் ஊசியையும் இந்தத் தொந்தரவையும் முடிச்சுப்போடத் தவறுகிறார்.

இந்தியாவின் 2019 புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகளின்படி ஆய்வால் நேரும் பாதிப்புக்கு இலவச சிகிச்சை உண்டு. கடும் பாதிப்பை ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்குத் தெரிவிக்கவும் வேண்டும். வேறு ஆஸ்பத்திரியில் சேர்த்த செய்தியே அவருக்கு எட்டாவிட்டால் விதி இருந்து என்ன பயன்?

ஒப்புதல் படிவத்தோடு சட்டைப்பைக்கு அடங்கும் அட்டையையும், ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுக்கள் கட்டாயமாக்கட்டும். மருந்தின் பெயர், கடைசி ஊசித் தேதி, இரவிலும் எடுக்கும் தொலைபேசி எண், ‘இது கீமோ அல்ல, ஸ்டீராய்டு தேவைப்படலாம், உடனே அழையுங்கள்’ என்ற வரி ஆகியவை தமிழிலும், மருத்துவருக்காக ஆங்கிலத்திலும் இருக்கட்டும். இங்கே அறை எடுத்துத் தங்கும் வங்காளக் குடும்பங்களுக்கு வங்காளியிலும்.

புற்றுநோய்ப் பிரிவு மருந்தாளுநர்கள்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்