கிளியூர் படிக்கட்டு

கண்ணு,

நீ பேசி மூன்று ஞாயிறு ஆகிவிட்டது. குடும்பக் குரூப்பில் வீடியோ மட்டும் வருகிறது. சரி, வேலை இருக்கும். அப்பா நன்றாக இருக்கிறார். பாப்பாவுக்குப் பல் விழுந்ததை மருமகள் சொன்னாள். மாடியில் ஒழுகுவது இன்னும் நிற்கவில்லை. வேறு சேதி இல்லை.

அந்த வெண்ணெய்க் காபிக்காரர் வீடியோவை இரண்டு தடவை பார்த்தேன். நெய்யும் தேங்காய் எண்ணெயும் எவ்வளவு சாப்பிட்டாலும் இதயத்துக்கு ஒன்றும் ஆகாதாம். கீழே நீ, "பாட்டி காலத்தில் நெய்தானே" என்று எழுதியிருந்தாய். உன் பாட்டி நெய் விட்ட லட்சணம் உனக்குத் தெரியாதா? காதுக்கு மருந்து விடுவது போலச் சொட்டுச் சொட்டாகத்தான் விடுவாள். அதைத் தின்றுவிட்டு நாள் முழுக்கக் காட்டில் களை எடுத்தவள். நீ நாற்காலியை விட்டு எழுந்திருப்பதே சாப்பிடத்தான்.

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தபோது சாப்பாட்டு விவரம் சொன்ன பொண்ணு எழுதிக் கொடுத்த தாள் இன்னும் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினவன் நீ, நீயே பார். தேங்காய் எண்ணெய் 100 கிராமில் 80 கிராமுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. நெய்யில் 60 சொச்சம். பாமாயிலில் ஏறக்குறைய பாதி. கடலை எண்ணெயில் 20-க்குள், நல்லெண்ணெயில் 15 அளவுக்கு. பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று போட்டிருப்பதை நம்பி வாங்காதே. செடி கொடியில் எடுத்த எண்ணெயில் அது எப்போது இருந்தது? கொலஸ்ட்ராலைப் பெரும்பாலும் நம் உடம்பே, முக்கியமாகக் கல்லீரல், செய்துகொள்கிறது. ரத்தத்தில் சுற்றும் எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ராலை வாரி எடுப்பதும் அதே கல்லீரல்தான். நிறைவுற்ற கொழுப்பு ஏறினால் அந்த வாருகிற வேலை மந்தமாகிவிடும். நம் தெருவுக்குக் குப்பை வண்டி ஒரு வாரம் வராமல் இருந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான். அதற்காக எண்ணெயை அடியோடு விட்டுவிட்டு மூன்று தட்டு சோறும் ஜவ்வரிசி வடாமுமாக இறங்கினால் ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்கிற இன்னொரு கொழுப்பு ஏறும், அதுவும் ஆகாது. பேக்கரி பஃப்ஸைக் குறை. அதில் இருக்கக்கூடிய டிரான்ஸ் கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி நல்லதை இறக்குவது. எண்ணெய், வனஸ்பதியில் அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2022-லிருந்து சட்டமே இருக்கிறது.

நெய்யைக் குறை கண்ணு. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

இல்லை, அதற்கு இல்லை. மே மாதம் ஏற்காட்டில் கிளியூர் அருவியில் இருந்து மேலே ஏறும்போது மூன்று இடத்தில் நின்றாய். போன் பார்ப்பது போல நின்றாய். அங்கே என் போனிலும் டவர் இல்லை, உன் போனிலும் இல்லை. பாப்பா உன்னைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தாள். நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. அப்பாவுக்கு மாரடைப்பு வந்தபோது வயது 52. அப்பனுக்கு 55-க்குள் வந்திருந்தால் பிள்ளை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் அன்றைக்கே சொன்னார். உனக்கு 36 முடிந்துவிட்டது. எத்தனை பேரை வேலை வாங்குகிறாய், உன் ரத்தத்தை ஒரு தடவை பார்க்க நேரமில்லையா?

பாமாயில்தான் உங்கப்பாவைக் கவிழ்த்தது, கடைத் தட்டுவடைதான் கவிழ்த்தது என்று சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். உன்னிடமும் சொன்னேன். அது பாதிதான். அவருக்கு எல்டிஎல் 180 இருந்து, மாத்திரையில் 96-க்கு இறங்கியது. "இறங்கிவிட்டதே, இனி எதற்கு தினமும் மாத்திரை, ஈரல் கெட்டுப்போகும்" என்று நிறுத்தச் சொன்னது நான். டாக்டரைக் கேட்கவில்லை. இறக்கியதே அந்த மாத்திரைதான், விட்டால் பழையபடி ஏறிவிடும் என்பது எனக்குத் தெரியவில்லை. நிறுத்திய பதினோராம் மாதம் அந்த மாரடைப்பு வந்தது. அவர் இன்று வரை ஒரு சொல் சொல்லவில்லை. ராத்திரி மாத்திரையை என் கையில் இருந்துதான் வாங்கிப் போட்டுக்கொள்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறிவிடு. இருட்டு இருக்கும்போதே சேலம் வந்துவிடும், அப்பா ஸ்டேஷனில் நிற்பார். ஏழு மணிக்கு லேப் திறக்கிறார்கள், அவருக்கும் சேர்த்தே எடுத்துவிடலாம். அப்புறம் அவருடைய டாக்டரிடம் ஒரு இசிஜி. அதற்குள் நெஞ்சை அழுத்தினாலோ, தாடையோ கையோ வலித்தாலோ வாயு என்று சோடா குடித்துக்கொண்டிருக்காதே, 108-ஐக் கூப்பிடு. மருமகளிடமும் சொல்லியிருக்கிறேன், கோபப்படாதே.

ரயிலில் ஒன்றும் சாப்பிடாதே, தண்ணீர் மட்டும் குடி. ரத்தம் கொடுத்ததும் சாப்பிட இட்லி டப்பாவில் எடுத்து வருகிறேன். பொடிக்கு நல்லெண்ணெய், ஒரு ஸ்பூன்தான்.

அம்மா