டி.வி.ஆர். பெட்டிக்குள் இருப்பதும் லினக்ஸ்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோனதையொட்டித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினிகளை எடைக்குப் போடாமல், விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும் இலவச மென்பொருளான லினக்ஸுக்கு மாற்றுங்கள் என்ற யோசனை நல்ல யோசனைதான். கோவில்பட்டியில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் நானும் அதையேதான் சொல்லி வருகிறேன். ஆனால் ‘லினக்ஸுக்கு வைரஸே வராது’ என்று கட்டுரையாளர் அடித்துச் சொல்லிவிட்டார். அதைப் படித்த வாடிக்கையாளர் ஒருவர், “அப்படியானால் பாஸ்வேர்டை எடுத்துவிடுங்கள் தம்பி, சும்மா சும்மா கேட்டுத் தொல்லை செய்கிறது” என்று வந்து நிற்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம்.

லினக்ஸ் உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் வைரஸ் ஊர்வலம் வரும் ராஜபாட்டை பென் டிரைவ். விண்ணப்பம் ஒன்றை அச்செடுக்க ஜெராக்ஸ் கடையில் செருகுவார்கள். திரும்பி வந்து பார்த்தால் கோப்புறைகள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். கோப்புகள் அழிந்துவிட்டன என்று பதறி ஓடிவருவார்கள். அழிந்திருக்காது. உண்மையான கோப்புறையை ‘மறைக்கப்பட்டது’ என்று குறியிட்டு ஒளித்துவிட்டு, அதே பெயரில், அதே மஞ்சள் படத்தோடு ஒரு ஷார்ட்கட்டை வைரஸ் உட்கார வைத்திருக்கும். அதைத் தட்டினால் கோப்புறையும் திறக்கும், கூடவே வைரஸும் ஓடத் தொடங்கும். அதே பென் டிரைவை என் மேசையில் உள்ள, லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட் ஓடும் கணினியில் செருகினால் அந்த ஷார்ட்கட்டுகள் தட்டினாலும் அசையாத வெற்றுக் கோப்புகளாகக் கிடக்கும். விண்டோஸ் போட்ட மறைப்புக் குறியை லினக்ஸ் பொருட்படுத்துவதில்லை என்பதால், ஒளித்துவைத்த கோப்புறையும் பக்கத்திலேயே தெரியும். வேண்டியதை நகலெடுத்துக்கொண்டு மீதியைத் துடைத்துக் கொடுத்துவிடுவேன்.

இதைவிடப் பெரிய நன்மை ஒன்று உண்டு. என்னிடம் வரும் பல கணினிகளில் இருப்பது திருட்டு விண்டோஸ். அதை முடுக்கித் தரும் ‘கிராக்’ மென்பொருள், முதல் வேலையாக, விண்டோஸுடன் வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரை அணைக்கச் சொல்லும். அதையும் அணைத்து, நெட் தீர்ந்துவிடும் என்று அப்டேட்டையும் நிறுத்திவிட்டு, பிறகு விண்டோஸ் மோசம் என்று திட்டுவதில் நியாயமில்லை. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரல் உலகைச் சுற்றி வந்து, வயநாட்டில் பஞ்சாயத்து அலுவலகக் கணினிகள் வரை முடக்கியதே, அது நுழைந்த விண்டோஸ் ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. லினக்ஸில் கிராக்குக்கு வேலையே இல்லை. வேண்டிய மென்பொருளில் பெரும்பாலானவை அந்தந்த லினக்ஸை வெளியிடுவோரின் சொந்த மென்பொருள் களஞ்சியத்திலிருந்து, கையொப்பம் சரிபார்க்கப்பட்டு வருகின்றன. கண்ட இணையதளத்தில் கண்ட ‘டவுன்லோட்’ பொத்தானை அழுத்தும் பழக்கம் அதனாலேயே பாதி குறைந்துவிடும்.

இனி, வைரஸே வராது என்ற பேச்சுக்கு வருகிறேன். நான் கண்காணிப்பு கேமராவும் பொருத்திக் கொடுப்பவன். ஒரு மளிகைக் கடை. பில் போடும் விண்டோஸ் கணினிக்கு முதலாளி ஆண்டுதோறும் தவறாமல் ஆன்டிவைரஸ் வாங்குவார். அதே கடையின் பரண் மேல், அரிசிச் சாக்குகளுக்குப் பின்னால், தூசி மண்டி, கேமராப் படங்களைப் பதிவு செய்யும் ஒரு டி.வி.ஆர். பெட்டி. அதற்குள் ஓடுவது லினக்ஸ். வந்த நாளிலிருந்து அதற்கு அப்டேட் என்ற ஒன்று நடந்ததே இல்லை. பாஸ்வேர்டு, பெட்டியிலேயே ஸ்டிக்கரில் ஒட்டியிருக்கிறது. வீட்டிலிருந்தபடி செல்போனில் கடையைப் பார்க்க வேண்டும் என்று இணையத்துக்குத் திறந்தும் விட்டிருக்கிறார்கள். மிராய் என்ற தீநிரல் 2016-இல் தேடித் தேடிப் பிடித்தது இப்படிப்பட்ட கேமராக்களையும் டி.வி.ஆர்.களையும் ரௌட்டர்களையும்தான். பெரிய சூழ்ச்சி ஒன்றும் இல்லை. தயாரிப்பாளர்கள் வைத்து அனுப்பும் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள் 60-க்கு மேல் கைவசம் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவே. அப்படிச் சேர்த்த படையைக் கொண்டு அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று, இணையதளங்களின் பெயரைக் கொண்டு அவற்றின் முகவரியைக் கண்டுபிடித்துத் தரும் டைன் நிறுவனத்தைத் தாக்க, அமெரிக்காவில் ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் மணிக்கணக்கில் தடுமாறின. சேர்ந்த கருவிகள் லினக்ஸில் ஓடியவை.

செல்போனில் உள்ள ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பதும் லினக்ஸின் மையப் பகுதியான ‘கரு’வேதான். கல்யாணப் பத்திரிகை என்றும் போக்குவரத்து அபராத ரசீது என்றும் வாட்ஸ்அப்பில் வரும், செயலியை நிறுவும் ஏ.பி.கே. கோப்பைத் திறந்து, கேட்கும் அனுமதியை எல்லாம் கொடுத்துவிட்டு, ஓ.டி.பி.யையும் பணத்தையும் பறிகொடுப்பவர்களைக் கரு காப்பாற்றுவதில்லை.

மேசைக் கணினி லினக்ஸும் இதற்கு விலக்கல்ல. சாதாரணப் பயனர் கணினியின் முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொள்ள வழிவிடும் ஓட்டை ஒன்று போல்கிட் என்ற நிரலில் 2009 முதல் இருந்தது. ஏறக்குறைய எல்லா லினக்ஸ்களிலும் உள்ள நிரல் அது. மூல நிரல் யாரும் பார்க்கத் திறந்துதான் கிடந்தது. ஆனாலும் குவாலிஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தார் அந்த ஓட்டையை வெளியே சொன்னது 2022 ஜனவரியில். திருத்தம் உடனே வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் மின்ட்டில், அப்டேட் வந்திருப்பதாகச் சொல்லி மூலையில் தோன்றும் கேடயப் படத்தை அழுத்தியவருக்குத்தான் அது போய்ச் சேர்ந்தது.

எல்லோரையும் மாற்றிவிடலாம் என்பதும் நடக்கிற காரியமில்லை. அரசு கொடுத்த இலவச மடிக்கணினிகளில் விண்டோஸுடன், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அதை அழித்து இடத்தை மிச்சம் பிடித்துத் தாருங்கள் என்று கேட்டு வந்த மாணவர்களே என்னிடம் அதிகம். கற்றுக்கொடுக்க ஆள் இல்லாமல் கொடுத்தால் அதுதான் நடக்கும். கணக்கு எழுதும் டேலியும் அச்சுப் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரும் லினக்ஸில் நேரடியாக ஓடாது. கணக்கு எழுதுபவரும் அச்சகத்தாரும் என்ன செய்வார்கள்? படம் பார்க்க, கடிதம் தட்டச்சு செய்ய, வங்கித் தளத்துக்குப் போக மட்டும் கணினி வைத்திருப்பவருக்குத் தயங்காமல் லினக்ஸைப் பரிந்துரைப்பேன். டேலி வேண்டுபவர், விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துத் தரும் திருத்தங்களுக்குப் பதிவு செய்துகொண்டு, அதற்குள் விண்டோஸ் 11 ஏறும் கணினிக்குப் பணம் சேர்ப்பதே சரி. கட்டுரையாளர் அடுத்து எழுதும்போது இந்தப் பிரிவினையையும், டி.வி.ஆர். பாஸ்வேர்டை மாற்றும் முறையையும் எழுதினால் என் கடை வாசலில் அதை வெட்டி ஒட்டிவைப்பேன்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்பவர்,
கோவில்பட்டி.