பனிக்கு அஞ்சாத செம்பருத்தி

உதகமண்டலம்
தை மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் வந்தது. மதுரை வீட்டு முற்றத்துச் செடியில் பதியம் போட்டு எடுத்துவந்த சிவப்புச் செம்பருத்தி, மார்கழிக் கடைசியில் ஒரே இரவில் கருகிப்போனதாக எழுதியிருக்கிறாய். நம் பள்ளிக்கூட நாட்களில் நீ பிள்ளையாருக்குப் பூப் பறித்த செடியின் வாரிசு அது. படித்ததும் எனக்கே மனம் கேட்கவில்லை. "கொடைக்கானல் குளிருக்குச் செம்பருத்தி ஆகாது அத்தை" என்று உன் மருமகள் சொன்னாளாம். அவள் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இன்றைக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். இவருக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. செய்தித்தாளைக் கண்ணாடி இல்லாமல் படிக்கிறார். பேரன் கோவையில் கல்லூரியில் சேர்ந்துவிட்டான். அண்ணனுக்கு மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? பனி போகும் வரை காலை நடையை வெயில் ஏறிய பிறகு வைத்துக்கொள்ளச் சொல்.

இனி செடிக்கு வருகிறேன். கருகியதைப் பிடுங்கிப் போட்டுவிடாதே. தண்டின் அடியில் நகத்தால் லேசாகக் கீறிப் பார். பட்டைக்குள் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. கருகிய கிளைகளை இப்போதே வெட்டவும் வேண்டாம். அவை நின்றால் அடுத்த பனி அவற்றின் மேல்தான் விழும்; வெட்டினால் புதுத் துளிர் அவசரமாகக் கிளம்பி, அதுவும் கருகும். மாசி கழியட்டும். அதுவரை தண்ணீரைக் குறைத்துவிடு.

நீ குடியிருக்கும் இடத்தையும் கவனி. கீழ்பூமி, ஜிம்கானா மைதானம், ஏரிக்கரை ஆகிய பள்ளங்களில்தான் கொடைக்கானலில் உறைபனி கடுமையாக இருக்கும். மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. அதைத் தொட்டுக் குளிர்ந்த காற்று கனத்து, சரிவில் இறங்கி, பள்ளத்தில் தேங்கிவிடுகிறது. அதே இரவில் மேட்டில் இருக்கும் வீட்டுப் புல்லில் வெறும் நீர்ப்பனிதான் இருக்கும். எங்கள் பக்கத்திலும் இதே கதைதான். ஊட்டிப் பள்ளங்களான தலைகுந்தாவும் காந்தலும் வெளுத்துக் கிடக்கும் காலையில், மலையின் உயரமே குறைவு என்பதால் குளிரும் குறைந்த குன்னூரில் உன் சிவப்புச் செம்பருத்தியின் சொந்தங்கள் வேலியோரம் நிம்மதியாக நிற்கும். ஆகவே மதுரைச் செடி பிழைத்தால் அதைத் தொட்டிக்கு மாற்றி, கார்த்திகை முதல் மாசி வரை தாழ்வாரத்தின் கூரைக்குக் கீழே வைத்துக்கொள். தரையில் இருக்கும் சிறு செடிகளுக்கு எங்கள் தாவரவியல் பூங்காவில் கோத்தகிரி மிலார்ச் செடிகளை வெட்டிவந்து கூடாரம்போல் கவிழ்க்கிறார்கள். அது கிடைக்காவிட்டால் சாயங்காலம் பழைய சாக்கைப் போர்த்தி, காலையில் எடுத்துவிடு.

இப்போது நான் ஆசையாகச் சொல்ல வந்த செடி. தோட்டக்காரர்கள் ஹார்டி ஹைபிஸ்கஸ் என்று சொல்லும் செம்பருத்தி இது. தாவரவியலில் ஹைபிஸ்கஸ் மாஸ்குடோஸ். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் சதுப்பு நிலங்களிலும் ஆற்றங்கரைகளிலும் தானாக வளர்வது. அங்கே குளிர்காலத்தில் மண்ணே உறைந்துபோகும். அதனால் இந்தச் செடி தண்டைக் காப்பாற்ற முயல்வதே இல்லை. இலையையும் தண்டையும் முழுக்கக் காயவிட்டு, உயிரை அடித்தூருக்குள் இழுத்து வைத்துக்கொள்கிறது. மைனஸ் 25 டிகிரியைத் தாங்கும் தூருக்கு, நம் மலைகளின் பூஜ்யம் டிகிரி ஒரு பொருட்டே இல்லை. பூவோ ஒரு சாண் அகலம் இருக்கும். சில வகைகளில் ஒரு சாணையும் தாண்டும். வெள்ளை, இளஞ்சிவப்பு, அடர்சிவப்பு, வெள்ளையின் நடுவில் ரத்தச் சிவப்புக் கண் என்று பல வகை. நெப்ராஸ்கா மாநிலத்தில் லிங்கன் நகரத்து ஃபிளெமிங் சகோதரர்கள் வளர்த்தெடுத்த காப்பர் கிங் வகைக்கு இலையே செம்பு நிறம்.

என் தோட்டத்தில் இப்போது அந்தச் செடி இருக்கும் இடத்தில் காய்ந்த குச்சிகள் மட்டும் நிற்கின்றன. வருகிறவர்கள் எல்லாரும் செத்துவிட்டது என்றுதான் சொல்கிறார்கள். பங்குனியில் மற்ற செடிகள் எல்லாம் துளிர்த்த பிறகும் இது அசையாது. சித்திரை வெயில் மண்ணைச் சுட வைத்த பிறகு, பருமனான சிவந்த முளைகள் சேர்ந்தாற்போல் மண்ணைப் பிளந்துகொண்டு வரும். ஒரு தடவை முளைத்துவிட்டால் வேகம் பிடிக்கும். ஆடிக்குள் இடுப்பளவைத் தாண்டிவிடும். இத்தனை தாமதமாக வருவதால், தூர் இருக்கும் இடத்தில் ஒரு குச்சி நட்டு வைப்பது அவசியம். தோட்ட வேலைக்கு வருகிற ஆள் வெறும் மண் என்று நினைத்து மண்வெட்டியைப் போட்டால் தூர் இரண்டாகிவிடும். காய்ந்த தண்டை மாசிக் கடைசியில், தரையிலிருந்து நான்கு விரல் விட்டு வெட்டிவிட வேண்டும். பூ புதுத் தண்டில்தான் வரும் என்பதால் பழைய தண்டுக்கு இரக்கம் காட்ட வேண்டியதில்லை.

இனிமேல் எழுதப்போவதை மட்டும் உன் மருமகளுக்குப் படித்துக் காட்டு. நம் மலைகளில் இந்தச் செடிக்குக் குளிர் எந்தக் குறையும் வைக்கவில்லை. குறைவது வெயிலும் நீண்ட பகலும்.

எப்படிக் கண்டுகொண்டேன் என்று சொல்கிறேன். ஒரே விதைப் பொட்டலத்தில் வந்த நாற்றுகளில் சிலவற்றை வாசல் பக்கமும் சிலவற்றைக் கொல்லையிலும் வைத்திருந்தேன். ஒரே மண், ஒரே எரு. கொல்லைச் செடிகள் இலையும் தண்டுமாக நன்றாக வளர்ந்தன. மொட்டு மட்டும் வைக்கவில்லை. வாசல் செடிகள் ஆவணியில் பூத்தன. வெயிலில் பெரிய வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் விளக்கில் இருந்தது. காட்டெருமை இரவில் இறங்கி வருகிறது என்பதால் எங்கள் வாசல் பல்பு விடிய விடிய எரியும். அதன் வெளிச்சம் விழும் செடிகள்தான் பூத்திருந்தன. அதன்பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். இது நீண்ட பகலைப் பார்த்தால்தான் மொட்டு வைக்கும் இனம். 14 மணி நேரமாவது பகல் வேண்டும். அதன் சொந்த நாட்டில் கோடைப் பகல் அதையும் தாண்டும். நமக்கோ ஆனி மாதத்திலும் பகல் ஏறக்குறைய 12 மணி 45 நிமிடம்தான். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இதில் சில நிமிட வித்தியாசம் மட்டுமே.

செவ்வந்தி இதற்கு நேர் எதிர். அதற்கு நீண்ட இரவு வேண்டும். அதனால்தான் செவ்வந்தித் தோட்டங்களில் பூக்கும் காலத்தைத் தள்ளிப்போட இரவில் பல்பு எரிய விடுகிறார்கள். அதே பல்பு நம் செம்பருத்தியைப் பூக்க வைக்கிறது. இரண்டு செடிகளும் உண்மையில் அளப்பது இரவின் நீளத்தை. ஆகவே விடிய விடிய எரிய வேண்டும் என்பதுகூட இல்லை. இரவு பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை எரிந்தால் அந்த நீண்ட இரவு இரண்டு குட்டி இரவுகளாக உடைந்துவிடும். செடியின் மேல் புத்தகம் படிக்கிற அளவு வெளிச்சம் விழுந்தால் போதும். உங்கள் திண்ணைப் பல்புக்கு எதிரே இடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். வைகாசியிலிருந்து ஆவணி வரை எரிய விடு. கொல்லைச் செடிக்கும் நான் ஒரு பல்பு கட்டிவிட்டேன், அதுவும் பூத்தது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.

வெயில் விஷயத்துக்கு விளக்கு உதவாது. நாளில் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படுகிற இடம் வேண்டும். மேற்குப் பார்த்த கல்சுவரின் அடிவாரம் இருந்தால் அதுவே சிறந்த இடம். பகலில் குடித்த சூட்டைச் சுவர் சாயங்காலம் செடிக்குத் திருப்பித் தரும். இந்த விஷயத்தில் உனக்கு என்னைவிட வசதி அதிகம். எங்களுக்கு ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை வானத்தை மூடிவிடுகிறது. பழனி மலைக்குப் பெருமழை ஐப்பசியில்தான். நடுக்கோடையில் உனக்கு எங்களைவிட வெயில் கிடைக்கும்.

தண்ணீர்தான் இதன் உயிர். சதுப்பில் பிறந்தது என்பதால் வேர் நனைந்தே கிடந்தாலும் அழுகாது. பாத்திரம் கழுவும் இடத்தின் ஓரத்து ஈரம்கூடப் பிடிக்கும், சோப்பு நுரை மட்டும் அளவோடு இருக்க வேண்டும். ஒரு நாள் காயவிட்டால் மொட்டு உதிரும். இரண்டு அடி ஆழக் குழி எடுத்து, மக்கிய சாணமும் இலைமக்கும் நிறையப் போடு. நம் மலை மண்ணில் புளிப்பு அதிகம். உருளைக்கிழங்குக்குப் போடுகிற டோலமைட் சுண்ணாம்பை ஒரு கை கலந்துகொள். முளை ஒரு சாண் உயரம் வந்ததும் கொழுந்தைக் கிள்ளிவிடு, பக்கக் கிளை வரும். ஆடிக் காற்றுக்கு முன்னால் ஊன்றுகோல் கட்டிவிடு. அசுவினியும் மாவுப்பூச்சியும் வந்தால் வேப்பெண்ணெயையும் காதி சோப்பையும் கரைத்துத் தெளித்தால் அடங்கும். முளைக்கிற சமயத்தில் நத்தையைப் பார்த்துக்கொள். தூரைச் சுற்றி அடுப்புச் சாம்பல் தூவிவை. மழை பெய்தால் மறுபடி தூவ வேண்டும்.

இந்த உறையோடு விதை வைத்திருக்கிறேன். மேல்தோல் கெட்டி. உப்புத்தாளில் ஒரு தேய்ப்புத் தேய்த்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஓர் இரவு ஊறப் போடு. மாசியிலேயே பையில் விதைத்து, சமையலறையில் அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் வை, குளிரில் முளைக்காது. பனி முழுக்கப் போன பிறகு தரைக்கு மாற்று. சீக்கிரம் விதைத்து நன்றாகக் கவனித்தால் முதல் வருடமே பூக்கும்.

ஒன்றைக் கட்டாயமாகக் கேட்டுக்கொள்கிறேன். காய் பழுத்து வெடிக்கும் முன் பறித்துவிடு. வெண்டையின் உறவு என்பதால் காய் காய்ந்ததும் வாய் பிளந்துகொள்ளும். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த சீகை என்கிற வாட்டில் மரமும் கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸும் நம் புல்வெளிகளையும் சதுப்புகளையும் என்ன செய்தன என்று நீயும் நானும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். உண்ணிச்செடியும் அழகுக்கு வந்ததுதான். இது நீரோரத்தில் வாழ்கிற செடி. விதை ஓடைக்குள் போனால் யார் பிடிப்பது? விளக்கு இல்லாத இடத்தில் பூக்காது என்று தைரியம் சொல்லலாம். ஆனாலும் என் வேலி தாண்டி ஒரு விதைகூடப் போகக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். நீயும் அப்படியே இரு. ஓடைக்கரையில் நடவே நடாதே.

பல்பு எரிய விடுவதில் வீட்டில் யாருக்காவது மனத்தாங்கல் வந்தால், இன்னொரு வழி இருக்கிறது. ஹைபிஸ்கஸ் சிரியாகஸ் என்கிற வகையைத் தேடிப் பார். கத்தரிப்பூ நிறத்திலும் வெள்ளையிலும் பூக்கும் குத்துச்செடி. தென்கொரியாவின் தேசியப் பூ அதுதான். குளிரில் இலையை உதிர்த்துவிட்டு வெறும் கிளையாக நிற்கும். பனி ஒன்றும் செய்யாது. கேரளத்து வீட்டுத் தோட்டங்களில்கூடப் பூக்கிறது, விளக்குக்குக் காத்திருப்பதில்லை. மாசிக் கடைசியில் கிளையை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டால் புதுக் கிளையில் நிறையப் பூக்கும். குச்சி ஒடித்து வைத்தாலும் வேர் பிடிக்கும். பூ சிறியதுதான். பூஜைக்குத் தினமும் வேண்டும் என்றால் எனக்கு அதுவே ஏற்றது என்று படுகிறது. பெரிய பூ ஒரு நாளைக்கு மேல் நிற்காது, பறித்தால் சீக்கிரம் துவளும். அதைச் செடியிலேயே விட்டுப் பார்ப்பதுதான் எனக்குப் பிடிக்கும்.

மே மாதம் மலர்க்கண்காட்சிக்கு இங்கே வாயேன். அரசுப் பஸ்ஸில் வந்தால், மலைக்கு வரும் வண்டிகளுக்குக் கேட்கிற இ-பாஸ் தொல்லை கிடையாது. பழனி, கோவை வழியாக வந்துவிடலாம். அப்போது என் தூர்கள் முளைவிட்டிருக்கும். உன் நாற்று எப்படி வருகிறது என்று அதற்குள் எழுது. விதைத்த தேதியையும் முளைத்த தேதியையும் குறித்து வை. இரண்டு மலையையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வரும்போது பூம்பாறைப் பூண்டு ஒரு கிலோ வாங்கி வா.

அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல். குழந்தைகளுக்கு ஆசிகள்.

அன்புடன்,
லலிதா

பி.கு.: பொட்டலத்தில் ஒரு மூலையைச் சிவப்பு நூலால் கட்டியிருப்பது அடர்சிவப்பு நிறச் செடியின் விதை. மற்றவை எல்லாம் கலப்பு. சிவப்பைத் திண்ணைக்கு நேராக வை.