மேல்காது குத்துவதற்கு முன்

அன்புள்ள மாலதி,

உன் முழங்கால் வலி குறைந்ததில் எனக்கு நிம்மதி. மகள் மேல்காதில் குத்திக்கொள்ள அடம்பிடிக்கிறாள் என்று எழுதியிருந்தாய். தடுக்காதே. துப்பாக்கி வைத்துக் குத்தும் இடத்துக்கு மட்டும் அனுப்பாதே.

காதின் கீழ்நுனி மெத்தென்ற சதை. ரத்த ஓட்டம் நன்றாக இருப்பதால் சீக்கிரம் ஆறும். மேலே இருப்பது குருத்தெலும்பு. அதற்குள் ரத்தக்குழாய் கிடையாது, போர்த்தியிருக்கும் சவ்விலிருந்துதான் ஊட்டம் வருகிறது. துப்பாக்கியோ மொண்ணையான காம்பை விசையால் அடித்து ஏற்றுகிறது. அதில் குருத்தெலும்பு நசுங்கி, சவ்வும் பிரியலாம். அங்கே சூடோமோனாஸ் கிருமி புகுந்தால் மருந்து எளிதில் எட்டாது. காது சுருங்கிக் கோணிப்போவது அப்படித்தான். பிளாஸ்டிக் பாகம் உள்ள துப்பாக்கியை, நீராவி அழுத்தத்தால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் போடவும் முடியாது. ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுச் 'சுத்தம்' என்பார்கள், நம்பாதே.

உள்ளே துளையுள்ள ஊசிதான் வேண்டும். ஒருவருக்கு ஒன்று, உறையை அவள் கண்ணெதிரே பிரிக்க வேண்டும். கவ்வியும் நகையும் நீராவி அழுத்தத்தில் 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடமாவது, அல்லது 134 டிகிரியில் 3 நிமிடமாவது இருந்திருக்க வேண்டும். உறையில் நிறம் மாறிய பட்டையைக் காட்டினால் போதாது. சூடு பட்டது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. ஆட்டோகிளேவ் கிருமிகளை உண்மையிலேயே கொல்கிறதா என்று காட்டும் ஸ்போர் சோதனை அறிக்கையைக் கேள். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

முதல் நகைக்கு, உடலுக்குள் பொருத்தும் சாதனங்களுக்கான ஏஎஸ்டிஎம் எஃப்136 தர டைட்டானியம் நல்லது. நிக்கல் கலக்காத 14 காரட் அல்லது அதற்கு மேற்பட்ட தங்கமும் சரி. வெள்ளி வேண்டாம், புண்ணில் கறுத்துத் தோலில் கறை படியும். வளையமும் இப்போது வேண்டாம், அசைந்து அசைந்து புண்ணை ஆறவிடாது. நேர்கம்பி சற்று நீளமாகத்தான் இருக்கும், வீக்கத்துக்கு இடம் வேண்டுமே. வீக்கம் வடிந்ததும், நாலு முதல் எட்டு வாரத்தில், குத்தியவரிடமே போய்க் குட்டைக் கம்பி மாற்ற வேண்டும். இதை மறப்பவர்கள்தான் அதிகம். நீண்ட கம்பி தலைமுடியில் மாட்டி இழுத்தே பலருக்குப் புடைப்பு வருகிறது.

பராமரிப்பு சுலபம். கையைக் கழுவிவிட்டு, கிருமிநீக்கிய 0.9 சதவீத உப்புநீரை நாளுக்கு இரண்டு தடவை தெளித்து, ஈரத்தைக் காகிதத்தால் ஒற்றி எடுக்கட்டும். ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட், களிம்பு எதுவும் வேண்டாம். கம்மலைத் திருகச் சொல்வது பழைய யோசனை. திருகினால் புதுத்தோல் கிழியும். அந்தப் பக்கம் சாய்ந்து படுக்கவும் கூடாது.

வெளுத்த நீர் கசிந்து பொருக்காவது இயல்பு. சிவப்பு பரவினால், சூடாக இருந்தால், கெட்டியான மஞ்சள் அல்லது பச்சைச் சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். நகையைத் தானாகக் கழற்ற வேண்டாம்: துளை மூடிக்கொண்டால் சீழ் உள்ளேயே கட்டிவிடும். முழுதாக ஆற ஆறு மாதம் முதல் ஒரு வருடம். வெளியே ஆறியதுபோல் தெரிவதை வைத்து அவசரப்பட வேண்டாம்.

டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி தடுப்பூசிகள் போட்டாயிற்றா என்று பார். சர்க்கரை நோயோ, ரத்தம் உறையாமலிருக்க மருந்தோ இருந்தால் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். அவளுக்குக் காயத் தழும்பு தடித்து வளரும் சுபாவம் உண்டா? வீட்டில் வேறு யாருக்காவது? அதை எனக்கு எழுது. உண்டென்றால் தோல் மருத்துவர் பார்க்கும்வரை நாள் குறிக்காதே.

அன்புடன்,
கீதா