மகளுக்கு: விலகும் பொத்தானைப் பற்றி

அன்புள்ள மகளுக்கு,

இங்கே அனைவரும் நலம். நான் எழுதியதற்குப் பதிலாக நீ அனுப்பிய கட்டைவிரல் குறி வந்து சேர்ந்தது. வேலைப் பளுவில் அதற்குமேல் எழுத நேரம் இருந்திருக்காது என்பதை அறிவேன். ஆயினும், நீ வடிவமைக்கும் செயலித் திரைகளில் ஒரு மெனுவில் எந்தச் சொல்லை முதலில் வைப்பது என்பதைப் பற்றி நள்ளிரவு வரை என்னோடு தொலைபேசியில் வாதாடியவள் நீ. புதிய குழுவுக்குத் தலைமை ஏற்றதிலிருந்து திரைகளைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை. சந்தாவை விட்டு விலகுவோரின் எண்ணிக்கையைக் குறைப்பதே குழுவின் இலக்கு என்று அன்று போகிற போக்கில் சொன்னாய். அதற்குமேல் நானும் கேட்கவில்லை.

பெரியம்மாவின் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். கண் அறுவைக்குப் பிறகு அவர் நன்றாக இருக்கிறார். தமக்குத் தேவைப்படாத ஒரு சந்தாவை நிறுத்தித் தரும்படி கைபேசியை என்னிடம் கொடுத்தார். நிறுத்தும் வழி அமைப்புகளுக்குள்ளே, கணக்குக்குள்ளே, அதற்கும் உள்ளே இருந்தது. ஒவ்வொரு திரையிலும் ‘தொடர்கிறேன்’ என்பது அடர்நிறத்தில் பெரிய பொத்தானாக இருந்தது; நிறுத்துவதற்கான இடமோ வெளிர்சாம்பல் நிறத்தில், பொத்தான் என்றே தெரியாத சிறு எழுத்தாகக் கிடந்தது. கடைசித் திரையில் இரண்டும் இடம் மாறியிருந்தன. அதற்கு முன்பே அவர் தாமாக முயன்று, நிறுத்திவிட்டதாக நம்பி, மறுபடியும் பணம் பிடிக்கப்பட்டதைக் கண்டு, “என் விரல்தான் தப்பாகப் பட்டிருக்கும்” என்று வருந்தியிருக்கிறார். போன பணத்தைவிட அந்த வருத்தத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு கருவியைக் கையாள்வதில் தவறு நேர்ந்தால் மனிதர்கள் தம்மையே நொந்துகொள்கிறார்கள், குற்றமோ பெரும்பாலும் வடிவமைப்பில் இருக்கிறது என்று வடிவமைப்பு அறிஞர் டொனால்ட் நார்மன் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருவதை எனக்கு முதலில் எடுத்துச் சொன்னவளே நீதான்.

நான் கணினி வகுப்பு எடுத்த காலத்தில் மாணவர்களுக்குத் தவறாமல் சொன்ன வரலாறு ஒன்றைச் சிறுமியாக இருந்தபோதே நீ கேட்டிருக்கிறாய். இருந்தாலும் மறுபடி எழுதுகிறேன். செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் 1974இல் உருவான பிராவோ, அச்சில் வரப்போவது போலவே எழுத்தைத் திரையில் காட்டிய அருமையான சொற்செயலி. ஆனால் அது கட்டளை நிலை, எழுதும் நிலை என்று பிரிந்து கிடந்தது; கட்டளை நிலையில் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் ஒரு கட்டளை. கட்டளை நிலையில் இருப்பதை மறந்து ‘எடிட்’ என்னும் ஆங்கிலச் சொல்லை ஒருவர் தட்டினால், முதல் எழுத்து ஆவணம் முழுவதையும் தேர்ந்தெடுக்கும், இரண்டாம் எழுத்து அதை அழிக்கும், மூன்றாம் எழுத்து புதிதாகச் செருகத் தொடங்கும், நான்காம் எழுத்து மட்டும் வெற்றுத் திரையில் தனியே நிற்கும். அங்கே பணியாற்றிய லாரி டெஸ்லர் இத்தகைய விபத்துகளைப் பயன்படுத்துவோரின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிடவில்லை. கணினி அறியாதவர்களைத் திரைக்கு முன் உட்கார வைத்து, அவர்களுக்கு எது இயல்பாகத் தோன்றுகிறது என்று கேட்டறிந்தார். பிறகு டிம் மாட்டுடன் சேர்ந்து, ஒரு பாடநூல் பதிப்பகத்தின் பதிப்பாசிரியர்களுக்காக ஜிப்சி என்னும் சொற்செயலியை உருவாக்கினார். எழுத்தை ஓரிடத்தில் வெட்டி வேறிடத்தில் ஒட்டுவது இன்று நம் விரல்களுக்கு இவ்வளவு பழகியிருக்கிறது என்றால், அது அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததால் வந்தது, கண்ணம்மா. நீயும் உட்கார்ந்து பார்.

1954இல் உளவியலாளர் பால் ஃபிட்ஸ் கண்டறிந்த விதியை நீ என்னைவிட நன்றாக அறிவாய்: இலக்கு பெரிதாகவும் அருகிலும் இருந்தால் கை அதை விரைவில் சென்றடையும். 1978இல் செராக்ஸ் ஆய்வாளர் ஸ்டூவர்ட் கார்டும் உடன் பணியாற்றியவர்களும் மவுஸைப் பிற கருவிகளோடு ஒப்பிட்டுச் சோதித்தபோது, அந்த விதி திரையில் நகரும் அம்புக்குறிக்கும் பொருந்தியது. ஆப்பிளின் மெக்கின்டாஷ் கணினியில் மெனுப் பட்டை திரையின் மேல் விளிம்போடு ஒட்டியிருப்பதன் பயனும் இதிலிருந்தே விளங்கும். எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் அம்புக்குறி விளிம்பைத் தாண்டிப் போகாது என்பதால், நடுங்கும் கைக்கும் அங்கே குறி தப்புவது அரிது. மனிதர் சிரமப்படக் கூடாது என்பதற்காகச் சேர்க்கப்பட்ட அறிவு இது. அதே விதியைத் திருப்பிப் போட்டால், விலகும் பொத்தானை எவ்வளவு சிறிதாக்கி எவ்வளவு தொலைவில் வைக்கலாம் என்ற கணக்கும் கிடைத்துவிடுகிறது. 2010இல் வடிவமைப்பாளர் ஹாரி பிரிக்னல், பயன்படுத்துவோரை ஏமாற்றும் இத்தகைய தந்திரங்களுக்கு ‘டார்க் பேட்டர்ன்’ என்று பெயரிட்டுத் தொகுக்கத் தொடங்கினார். தகவல்களைப் பயன்படுத்தக் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவது, அதைக் கொடுத்தது போலவே எளிதாக இருக்க வேண்டும் என்று 2018 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதி கூறுகிறது. வடிவமைப்பாளர்கள் தாமாகவே கடைப்பிடித்திருக்க வேண்டிய ஒன்றைச் சட்டம் வந்து சொல்ல நேர்ந்தது எனக்கு வேதனையாக இருக்கிறது.

கல்லூரி இறுதியாண்டில் நீ செய்த மருந்து நினைவூட்டும் செயலியை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ‘நிச்சயமாக அழிக்கவா?’ என்று கேட்கும் பெட்டியை நீக்கிவிட்டு, அழித்ததை உடனே மீட்டெடுக்கும் வசதியை அதில் வைத்திருந்தாய். எல்லோரும் படிக்காமலே ‘ஆம்’ என்பதை அழுத்திப் பழகிவிடுகிறார்கள், அந்தக் கேள்வி யாரையும் காப்பதில்லை என்று ஆசிரியர்கள் முன் நீ விளக்கியபோது நான் பின்வரிசையில் அமர்ந்திருந்தேன். நான் கற்பித்த எதையும்விட அது மேலானது என்று எனக்குத் தோன்றியது. அவ்வளவு தெளிவாகப் பேசியவள் இப்போது வேலையைப் பற்றிக் கேட்டாலே பேச்சை மாற்றுவது ஏன் என்று விளங்கவில்லை. உன் நிறுவனத்தில் என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரியாது; தெரியாததைக் குறைகூறவும் மாட்டேன். விலகுவோரைக் குறைப்பதற்கு நேர்மையான வழிகளும் உண்டு. ஏன் விலகுகிறார்கள் என்று கேட்டு அந்தக் குறையைத் தீர்க்கலாம். சில மாதங்கள் நிறுத்திவைக்கும் வசதியைத் தரலாம். நீ அப்படித்தான் செய்துகொண்டிருப்பாய் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அதை உன் வாயால் கேட்க விரும்புகிறேன்.

ஒரு சோதனைக்கு 5 பேர் இருந்தாலே பெரும்பாலான சிக்கல்கள் வெளிப்பட்டுவிடும் என்று பயன்பாட்டு எளிமை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் சொல்வதை நீங்கள் பின்பற்றுவீர்கள் என்று நினைக்கிறேன். அந்த 5 பேரும் உன் வயதினராகவும் உன் அலுவலகத்தைச் சேர்ந்தவர்களாகவும் இருந்துவிடக் கூடாது. பெரியம்மாவைப் போன்ற ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து, எதையும் சொல்லிக்கொடுக்காமல், விரல் எங்கே தயங்குகிறது என்று பார். திரும்பத் திரும்ப இதையே சொல்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதே. பக்கத்தில் உட்கார்ந்து பார். உன் குழு செய்த திரையை வெளியாருக்குக் காட்டலாம் என்றால் எங்களுக்கு அனுப்பு. பெரியம்மாவிடம் கேட்டுவிட்டேன், சம்மதம் என்றார். சேரும் வழியை விட்டுவிட்டு, விலகும் வழியைத்தான் முதலில் தேடுவோம். அனுப்ப இயலாது என்றால், ஏன் என்று ஒரு வரியாவது எழுது.

அன்புடன்,
அப்பா