பேக்கப் இணைப்பை பேக்கப்பாகவே இருக்க விடுங்கள்

டிரான்சிட் (மற்ற இணையம் முழுவதற்கும் போகும் வழி) விற்கும் நெட்வொர்க்குகளின் பொறியாளர்களுக்கு,

வணக்கம். இரண்டு டிரான்சிட் வாங்கி, ஒன்றை மெயினாகவும் மற்றதை பேக்கப்பாகவும் வைத்திருக்கும் சின்ன நெட்வொர்க்கிலிருந்து எழுதுகிறேன்.

மெயின் 10 ஜிபிபிஎஸ், பேக்கப் 1 ஜிபிபிஎஸ். பேக்கப் பக்கம் அறிவிக்கும் ரூட்டில் எங்கள் ஏஎஸ் எண்ணை (இணையத்தில் எங்கள் நெட்வொர்க்கின் அடையாள எண்) மூன்று தடவை பிரீபெண்ட் செய்தோம், அதாவது பாதை நீளமாகத் தெரியும்படி திரும்பத் திரும்பச் சேர்த்தோம். ஆனாலும் சாயங்காலமானால் அந்த 1 ஜி லிங்க் பிதுங்கும். மெயின் காற்று வாங்கும். சரி என்று ஆறாக்கினோம், பத்தாக்கினோம். ஒன்றும் அசையவில்லை. கடைசியில் பேக்கப் தரும் நிறுவனத்தின் லுக்கிங் கிளாஸில் (அவர்கள் ரவுட்டரில் இருக்கும் ரூட்களை வெளியிலிருந்து பார்க்கும் பக்கம்) எங்கள் பிரிஃபிக்ஸை, அதாவது ஐபி முகவரித் தொகுதியைப் போட்டுப் பார்த்தால், எங்கள் எண் ரயில் பெட்டி மாதிரி வரிசையாக நிற்கிறது. பக்கத்திலேயே லோக்கல் பிரெஃபரன்ஸ் (ஒரு நெட்வொர்க் தனக்குள் ஒரு ரூட்டுக்குத் தரும் முன்னுரிமை, அதிகம் இருப்பதே ஜெயிக்கும்) 200. பியர் (வழக்கமாகக் காசில்லாமல் டிராஃபிக் பரிமாறும் சக நெட்வொர்க்) வழியாக வந்த குட்டைப் பாதைக்கு 100.

பாதையின் நீளத்தை எண்ணுவதற்கு முன்பே பிஜிபி (நெட்வொர்க்குகள் ரூட்களைப் பரிமாறும் நெறிமுறை) அந்த லோக்கல் பிரெஃபரன்ஸைப் பார்த்து முடிவெடுத்துவிடும். வாடிக்கையாளர் ரூட்டுக்கு நீங்கள் அதிகம் வைப்பதில் தப்பில்லை, காசு வருகிற பக்கம் அது. ஆனால் அதை இறக்கச் சொல்ல எங்களுக்கு ஒரு வழி வேண்டாமா? உங்களில் ஒருவரின் ஹெல்ப்டெஸ்க் ‘மெட் போடுங்கள்’ என்றது. மெட் என்பது எந்த இணைப்பில் வர வேண்டும் என்று அண்டை நெட்வொர்க்குக்குத் தரும் குறிப்பு. அது வழக்கமாக ஒரே அண்டை ஏஎஸ்ஸிலிருந்து வரும் ரூட்களுக்குள்தான் ஒப்பிடப்படும். அதுவும் லோக்கல் பிரெஃபரன்ஸுக்கு அப்புறம்.

வாடிக்கையாளர் ரூட்டோடு ஒரு கம்யூனிட்டியை (ஒரு குறிச்சொல்) ஒட்டி அனுப்பினால் டிரான்சிட் பக்கம் லோக்கல் பிரெஃபரன்ஸை இறக்கிக்கொள்ளும் முறை, ஆர்எஃப்சி என்ற இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசையில் 1998ஆம் எண்ணிலேயே இருக்கிறது. (எண்ணை வருஷம் என்று நினைக்க வேண்டாம், அது வந்தது 1996இல்.)

அது கிடைக்காததால் எங்கள் /23ஐ (512 முகவரிகள்) இரண்டு /24ஆக (தலா 256) வெட்டி மெயினில் மட்டும் விட்டோம். நீளமான பிரிஃபிக்ஸ், அதாவது சின்னத் தொகுதி, எதையும் ஜெயிக்கும், ஜெயித்தது. உலகத்து ரூட்டிங் டேபிளில் எங்களால் இரண்டு வரி கூடுதல், அதில் பெருமை ஒன்றுமில்லை. வெறும் /24 வைத்திருப்பவருக்கு இந்தக் கதவும் கிடையாது, /25ஐப் பெரும்பாலானோர் வடிகட்டிவிடுவார்கள்.

பியருக்கும் கீழே இறக்கும் ஒரு கம்யூனிட்டி கட்டாயம் கொடுங்கள். உங்களுக்கு மேலேயும் டிரான்சிட் இருந்தால், அதை அவர்களுடைய கம்யூனிட்டியாக மாற்றி மேலே அனுப்புங்கள். இல்லாவிட்டால் மெயின் ஒருமுறை விழுந்து எழுந்த பிறகும் டிராஃபிக் பேக்கப்பிலேயே ஒட்டிக்கொள்ளலாம். பேக்கப் செஷனை நாங்களே வெட்டி மறுபடி ஏற்றினால்தான் திரும்பும். ஆர்எஃப்சி 4264 முழுக்க இந்தத் தலைவலிதான்.

கம்யூனிட்டிப் பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது என்பவர்கள், லிங்க் ஏற்றும் அன்றைக்கு அனுப்பும் மெயிலிலேயே அதைச் சேர்த்துவிடுங்கள். டிக்கெட் போட்டுக் கெஞ்ச வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
பத்து தடவை பிரீபெண்ட் செய்து பார்த்த ஒரு பொறியாளர்