பெற்றோல் செட் ஊழியருக்குச் சிறுநீர்ச் சோதனை

ஆசிரியருக்கு,

ஏ9 வீதியோரப் பெற்றோல் செட் ஊழியரின் இரத்தக் கலங்கள் குறையும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பெற்றோலில் உள்ள, இரத்தக் கலங்களைக் குறைக்கும் பென்சீன், உடலில் மாறி பினைல் மெர்கப்டியூரிக் அமிலமாகச் சிறுநீரில் வெளியேறும்; அரை ஆயுள் ஏறத்தாழ 9 மணித்தியாலம். வேலை முடிந்த கையோடு மாதிரி எடுங்கள். மறுநாள் காலை பாதிக்கு மேல் போயிருக்கும்.

பெற்றோலில் கலக்கப்படும் எம்.ரி.பி.ஈ. என்ற சேர்மானத்தைச் சிறுநீரில் தேடினால் போத்தலை விளிம்புவரை நிரப்பி, இறுக மூடி, ஐஸ் பெட்டியில் 4 பாகையில் அனுப்புங்கள். மேலே இடம் விட்டால் வன்னி வெயிலுக்கு ஆவியாகி, மூடி திறந்ததும் பறந்துவிடும். அறிக்கையில் பூச்சியம்தான் வரும். பெற்றோல் மணக்கும் கையால் மூடியைத் தொட்டாலோ நேர்மாறு.

பென்சீனின் இன்னொரு கழிவான மியூகோனிக் அமிலத்தைச் சோதிப்பது எளிது; ஆனால் சோர்பேற் என்ற பழுதுதடுப்பான் சேர்த்த ஜாம்கூட அதைக் கூட்டிக்காட்டும். சிகரெட் புகையிலும் பென்சீன் உண்டு; புகைப்பவரா என்று கட்டாயம் கேளுங்கள். சிறுநீரின் செறிவைக் காட்டும் கிரியற்றினின் லீற்றருக்கு 3 கிராமைத் தாண்டினால், தண்ணீர் குடிக்கவைத்து வேறு மாதிரி எடுங்கள்.

ஆய்வுகூட ஊழியர்கள்,
கிளிநொச்சி